ஒயின் பீப்பாயில் முதிர்ந்த ஏல்

ஒயின் பீப்பாயில் முதிர்ந்த ஏல் என்பது, முன்பு திராட்சை ஒயின் இருந்து வெறுமையாக்கப்பட்ட மரப்பீப்பாய்களில் ஊற்றி, சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை முதிரவிடப்படும் ஏல் வகைப் பியர் ஆகும். இவ்வாறு முதிரவிடப்படுபவை பெரும்பாலும் எத்தனால் செறிவு கூடிய கடும் ஏல்களே. சாதாரணப் பியரில் எத்தனால் கன அளவில் ஏறத்தாழ 5% இருக்க, இவற்றில் பெரும்பாலும் 8% முதல் 13% வரை காணப்படும். மரம், மரத்தில் ஊறிய ஒயின், மரத்தின் வழியே கசியும் ஆக்சிசன், மரத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் ஆகிய நான்கும் ஏலின் மணத்தையும் சுவையையும் மாற்றுகின்றன. இம்மாற்றங்கள் யாவும் விரும்பத்தக்கவை அல்ல. ஒரே வேதிப்பொருள் சிறிதளவில் நறுமணமாகவும் சற்றே மிகுந்தால் கெடுதலாகவும் உணரப்படும். ஆகவே இவ்வகை ஏலில் சுவைத்துப் பார்த்தல் என்பது அருந்துவோரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. எந்தப் பீப்பாயைப் புட்டியில் அடைப்பது, எதைச் சாக்கடையில் கொட்டுவது என்று முடிவு செய்யும் தொழிற்கருவியும் ஆகும்.

பெயர்

பியர்கள் பொதுவாக ஏல், லாகர் என இரு பெரும் பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. லாகர் குளிர்ந்த வெப்பநிலையில் மெதுவாக நொதிப்பது. ஏல் அறை வெப்பநிலையை ஒட்டி, ஏறத்தாழ 15 முதல் 24 பாகை செல்சியசில், விரைவாக நொதிப்பது. அவ்வாறு நொதிக்கையில் ஈஸ்ட் எனப்படும் நொதியம் பழமணம் தரும் எசுத்தர்களை மிகுதியாக உண்டாக்குகிறது. முளைகட்டிய வாற்கோதுமையை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சேர்த்துச் செறிந்த இனிப்புச் சாறு எடுத்து நொதிக்கச் செய்தால் கிடைப்பது கடும் ஏல்.

இவற்றுள் மிகச் செறிந்த ஒரு வகை ஆங்கிலத்தில் பார்லி ஒயின் எனப்படுகிறது. இதில் திராட்சை சிறிதும் இல்லை. ஒயினுக்கு நிகரான செறிவு உடையது என்பதே பெயருக்குக் காரணம். வாற்கோதுமை மதுவை ஒயின் என்று அழைத்தவர்களுள் மிகப் பழையவர்களில் ஒருவர் கிரேக்க எழுத்தாளர் செனோபோன். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்மீனிய ஊர்களில் தாம் கண்ட, நாணல் குழல்களால் உறிஞ்சிக் குடிக்கப்பட்ட மதுவை அவர் வாற்கோதுமை ஒயின் என்றே குறிப்பிட்டுள்ளார். பார்லி ஒயின் என்னும் பெயரும் ஒயின் பீப்பாய் என்னும் பெயரும் அடுத்தடுத்து வருவதால் படிப்போர் குழம்புவது உண்டு. முன்னது பியரின் வகை. பின்னது அது முதிரும் கலம்.

வரலாறு

உலோகத் தொட்டிகள் வருமுன் ஐரோப்பாவில் பியர் யாவும் மரக்கலங்களில்தான் இருந்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பண்ணை மாளிகைகளில், குளிர்காலத்துக்கு முன் அக்டோபர் மாதத்தில் காய்ச்சப்பட்ட கடும் ஏல் பல ஆண்டுகள் மரப்பீப்பாய்களில் வைத்திருக்கப்பட்டது. நகரங்களின் பியர் ஆலைகளும் முதிர்ந்த ஏலைத் தனியே வைத்திருந்து, புதிய ஏலுடன் கலந்து விற்றன. இன்று ஆங்கிலத்தில் ஊசிப்போனது என்று பொருள்படும் 'ஸ்டேல்' என்னும் சொல் அன்று முதிர்ந்த நல்ல பியரைக் குறித்தது.

அக்காலப் பீப்பாய்கள் ஒயின் பீப்பாய்கள் அல்ல. மரத்தின் சுவை பியரில் இறங்குவது அன்று குறையாகவே கருதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆலைகள், மரச்சுவை மிகுந்த அமெரிக்க ஓக்கைத் தவிர்த்து, பால்டிக் கடற்கரைத் துறைமுகமான மேமலிலிருந்து வந்த சுவை குறைந்த ஓக்கை விரும்பின. இன்று விலை கொடுத்துத் தேடப்படும் வனிலா மணத்தை அன்றைய பீப்பாய்க் கொல்லர்கள் ஒழிக்கப் பாடுபட்டார்கள் என்பது வியப்பான செய்தி.

முதிர்ந்த ஆங்கில ஏலுக்கு அதன் தனிமணம் எதனால் வந்தது என்பதை 1904 ஆம் ஆண்டில் கோபனேகன் நகரின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த நீல்ஸ் யெல்டே கிளாசன் விளக்கினார். அவர் ஆங்கில ஏலிலிருந்து ஒரு நொதியத்தைப் பிரித்தெடுத்து, பிரித்தானியப் பூஞ்சை என்னும் பொருள்பட பிரெட்டனோமைசிஸ் எனப் பெயரிட்டார். ஆயினும் 20ஆம் நூற்றாண்டில் தூய நொதியம், குளிரூட்டல், உலோகத் தொட்டி ஆகியவை பரவியதால் மரமுதிர்ச்சி பெரும்பாலும் கைவிடப்பட்டது. அதைக் கைவிடாத இடங்களுள் முதன்மையானது பெல்சியத்தின் மேற்கு பிளாண்டர்ஸ் பகுதி. அங்கு ரூசெலாரே நகரில் 1821 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ரோடன்பாக் ஆலை, ஆளுயரத்தை மிஞ்சிய ஓக் தொட்டிகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பியரை வைத்து, புதிய பியருடன் கலக்கும் முறையைத் தொடர்ந்து வருகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறு ஆலைகள் 1990களில் பூர்பன் விஸ்கிப் பீப்பாய்களைப் பயன்படுத்தத் தொடங்கின. ஒயின் பீப்பாய்கள் இயல்பாகவே ஒயின் விளையும் பகுதிகளில் முதலில் கைக்கு எட்டின. எனினும் எல்லா முயற்சிகளும் உடனே பலித்துவிடவில்லை. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா மாவட்டத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் 1996 ஆம் ஆண்டில் தோன்றிய பயர்ஸ்டோன் வாக்கர் ஆலை, தொடக்கத்தில் பழைய சார்டொனே பீப்பாய்களில் பியரை நொதிக்கவிட்டுப் பார்த்தது. பழைய மரத்தில் பியர் கெட்டமையால், பின்னர் அவ்வாலை புதிய ஓக் பீப்பாய்களுக்கு மாறிக்கொண்டது.

பீப்பாய்

பிரான்சின் போர்தோ பகுதிப் பீப்பாய் 225 லிட்டர் கொள்வது. பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர். போர்ட் ஒயினுக்கும் ஷெர்ரிக்கும் உரியவை இவற்றைவிட இரு மடங்குக்கும் மேல் பெரியவை. கொள்ளளவு சுவையை நேரடியாகப் பாதிக்கிறது. ஒரு கலத்தின் நீள அகல உயரங்களை இரட்டித்தால் அதன் கன அளவு எட்டு மடங்காகும். மேற்பரப்போ நான்கு மடங்கே ஆகும். ஆகவே பெரிய தொட்டியில் ஒரு லிட்டர் பியருக்குக் கிடைக்கும் மரமும் ஆக்சிசனும் குறைவு. ரோடன்பாக்கின் பெருந்தொட்டியில் இரண்டு ஆண்டுகள் அமைதியாக இருக்கும் பியர், 225 லிட்டர் பீப்பாயில் அதே காலம் இருந்தால் காடியாகிவிடக்கூடும்.

கருவாலி எனத் தமிழில் வழங்கப்படும் ஓக் மரத்தின் பலகைகளை வளைத்து, உட்புறத்தை நெருப்பில் வாட்டிப் பீப்பாய் செய்யப்படுகிறது. அவ்வெப்பத்தில் மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் உண்டாகிறது. வனிலாக் காயின் மணமும் இதுவே. செல்லுலோசை ஒட்டிய சர்க்கரைகள் கருகிக் கேரமல், வாதுமை போன்ற மணங்களைத் தருகின்றன. கிராம்பு மணம் தரும் யூசினோலும், தேங்காய் மணம் தரும் ஓக் லாக்டோனும் மரத்திலேயே உள்ளவை. அமெரிக்க வெள்ளை ஓக்கில் இந்த லாக்டோன் கூடுதல். ஐரோப்பிய ஓக்கில் துவர்ப்புத் தரும் தனின்கள் கூடுதல். ஒயின் ஆலையில் மூன்று நான்கு முறை நிரப்பப்பட்ட பின் இம்மணப்பொருள்களில் பெரும்பகுதி ஒயினோடு போய்விடும். பியர் ஆலைக்கு வரும் பழைய பீப்பாய் பெரும்பாலும் இந்நிலையில் உள்ளதே.

ஆனால் அது வெறுமையாக வருவதில்லை. பலகைகளின் உள்ளே சில மில்லிமீட்டர் ஆழம் வரை ஒயின் ஊறியிருக்கும். ஒரு பீப்பாயின் மரம் சில லிட்டர் ஒயினை உறிஞ்சி வைத்திருக்க வல்லது. ஏலை ஊற்றியதும் இந்த ஒயின் மெல்ல வெளியேறி, திராட்சையின் நிறத்தையும் தார்த்தாரிக் அமிலத்தையும் தனினையும் தருகிறது. முதல் நிரப்பில் இது தெளிவாக உணரப்படும். மூன்றாம் நிரப்பில் ஏறக்குறைய மறைந்துவிடும்.

காலியாகக் கிடந்த பீப்பாய் உலர்ந்து பலகைகளுக்கிடையே இடைவெளி விடும். வெந்நீர் ஊற்றி மரத்தை உப்பச் செய்து கசிவை நிறுத்துவர். பூஞ்சை பிடிக்காதிருக்க ஒயின் ஆலைகள் உள்ளே கந்தகத்தை எரித்து வைப்பதும் உண்டு. அவ்வாறாயின் நன்கு கழுவியே பயன்படுத்த வேண்டும். பிரெட்டனோமைசிஸ் குடியேறிய பீப்பாயை ஒயின் ஆலை திரும்ப வாங்காது. ஒயினில் அது பெரும்பாலும் கேடாகவே கருதப்படுவதே காரணம். ஆகவே ஒயினிலிருந்து பியருக்குச் செல்லும் பீப்பாயின் பயணம் ஒருவழிப் பயணம் ஆகும்.

பீப்பாயினுள் நிகழ்வன

முதல் நொதித்தல் முடிந்த ஏலில், சாதாரண ஈஸ்ட் உண்ண இயலாத நீண்ட சர்க்கரைத் தொடர்கள் எஞ்சியிருக்கும். கடும் ஏலின் இனிப்புக்கும் தடிப்புக்கும் இவை காரணம். பிரெட்டனோமைசிஸ் இவற்றையும் உடைத்து உண்ணும். அதன் சில இனங்கள் வாட்டிய மரத்திலுள்ள செலோபயோசையும் உண்ணும். இதனால் பல மாதங்களில் ஏல் வறண்டு, எத்தனால் சற்று உயர்கிறது. கூடவே 4-எத்தில்பீனால், 4-எத்தில்குவயாக்கால் என்னும் இரு பொருள்கள் உண்டாகின்றன. முன்னது குதிரைலாயம், தோல், மருந்துப் பட்டி ஆகியவற்றை நினைவூட்டும். பின்னது புகையும் கிராம்பும் கலந்த மணமுடையது.

லாக்டோபசிலசு, பீடியோகாக்கசு ஆகிய பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைத் தருகின்றன. தயிரின் புளிப்பும் இதுவே. பீடியோகாக்கசு வளரும் ஒரு கட்டத்தில் பியர் எண்ணெய்போல் வழவழப்பாகி, நூல்போல் இழியும். வெண்ணெய் மணமும் வீசும். இந்நிலையைப் பியர் நோய்ப்பட்டுள்ளது என்றே ஆலையினர் கூறுவர். அனுபவம் இல்லாதவர் இதைக் கண்டு கொட்டிவிடுவர். ஆனால் பிரெட்டனோமைசிஸ் உடன் இருந்தால் சில வாரங்கள் அல்லது மாதங்களில் வழவழப்பும் வெண்ணெய் மணமும் தாமே நீங்கிவிடும். பொறுத்திருப்பதே இங்கு மருந்து.

மூன்றாவது வகை, அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்கள். இவை ஆக்சிசன் இருந்தால் எத்தனாலைக் காடி அமிலமாக்கும். கள் நாட்பட்டால் காடியாவதும் இதே வினையால்தான். காடி அமிலமும் எத்தனாலும் சேர்ந்து எத்தில் அசிட்டேட் உண்டாகிறது. மிகச் சிறிதளவில் இது பேரிக்காய் மணம்; லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராமைத் தாண்டியதும் புலப்படத் தொடங்கி, மேலும் மிகுந்தால் நகச்சாயம் நீக்கும் திரவத்தின் வீச்சமாகிவிடும். லாக்டிக் அமிலத்துக்கு ஆக்சிசன் தேவையில்லை. அசிட்டிக் அமிலத்துக்குத் தேவை. இவ்வகை ஏலில் நல்லதும் கெட்டதும் பிரியும் இடம் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் உள்ளது. பீப்பாயை நிறைத்து வைத்தல், அடைப்பை வீணாகத் திறவாதிருத்தல், குளிர்ந்த இடத்தில் வைத்தல் ஆகிய கட்டுப்பாடுகள் எல்லாம் ஆக்சிசனை நோக்கியவையே.

ஹாப்ஸ் பூவின் கைப்பு காலப்போக்கில் குறைகிறது. கைப்பும் புளிப்பும் ஒன்றாக ஓங்கினால் நாவுக்கு ஒவ்வாது என்பதால், புளிக்கவிடப்படும் ஏல்களில் ஹாப்ஸ் தொடக்கத்திலேயே குறைவாகச் சேர்க்கப்படுகிறது.

பீப்பாயிலிருந்து சுவைத்தல்

ஒரே நாளில் ஒரே தொட்டியிலிருந்து நிரப்பப்பட்ட பத்துப் பீப்பாய்கள் ஓராண்டில் பத்து விதமாக மாறியிருக்கும். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே சுவைத்துத்தான் நிலையை அறிய முடியும். இதில் ஒரு முரண் உண்டு. மேலடைப்பைத் திறந்து பியர் எடுத்தால் காற்று உட்புகும். மேற்பரப்பில் நொதியங்கள் அமைத்த மெல்லிய படலமும் கிழியும். அடிக்கடி சுவைத்துப் பார்ப்பதே பீப்பாயைக் கெடுத்துவிடும்.

இதற்கு எளிய தீர்வைப் பரவச் செய்தவர் கலிபோர்னியாவின் ரஷியன் ரிவர் ஆலையைச் சேர்ந்த வின்னி சிலர்சோ. பீப்பாயின் முகப்புப் பலகையில் சிறு துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகு ஆணி ஒன்றால் அடைத்துவிடுவது அவர் முறை. ஆணியைப் பிடுங்கினால் மெல்லிய தாரையாகப் பியர் குவளையில் பாயும். வேண்டிய அளவு வந்ததும் ஆணியை மீண்டும் செருகிவிடலாம். மேற்பரப்பு அசைவதில்லை. பீப்பாயில் முதிரவைக்கும் ஆலைகளில் இது அவர் பெயராலேயே வின்னி ஆணி என்று வழங்குகிறது. சில ரூபாய் பெறும் ஓர் ஆணி இவ்வளவு பெரிய இழப்பைத் தடுப்பது பொறியியல் நோக்கில் பாராட்டத்தக்கது.

இவ்வாறு எடுக்கப்படும் பியர் நுரையற்றது. கரியமில வாயு ஏறக்குறைய இல்லாதது. கிடங்கின் வெப்பநிலையில் இருப்பது. பின்னர் புட்டியில் வாயு ஏறியதும் புளிப்பு கூர்மையாகவும் உடல் மெலிவாகவும் தோன்றும். சுவைப்பவர் இம்மாற்றத்தை மனத்தில் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். நேர்த்தியாக இருக்கும் பீப்பாய், புளிப்பு மிகுந்தது, மரச்சுவை மிகுந்தது, சுவை மங்கியது எனக் குறித்துக்கொண்டு, சிறு அளவுகளில் கலந்து பார்த்து, ஏற்ற விகிதம் கண்டபின் பெருமளவில் கலப்பர். சற்றுப் புளிப்பு மிகுந்த பீப்பாய் கலவைக்கு உயிரூட்டும். ஆனால் நகச்சாய வீச்சம் உடைய பீப்பாயைக் கலவையால் திருத்த முடியாது. அது கலந்த அனைத்தையும் கெடுக்கும். 225 லிட்டர் என்பது 330 மில்லிலிட்டர் புட்டிகளில் ஏறத்தாழ 680 புட்டிகள். அதனைக் கொட்டுவதற்கு மனம் ஒப்பாத ஆலை, பல்லாயிரம் புட்டிகளை இழக்க நேரிடும்.

கலத்தல் ஒயின் ஆலையாருக்குப் பழகிய கலை. மேலே குறிப்பிட்ட பயர்ஸ்டோன் வாக்கர் ஆலை 2006 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் ஆண்டுவிழா ஏலுக்கு, பாசோ ரோபில்ஸ் வட்டார ஒயின் தயாரிப்பாளர்களை அழைத்து, பல்வேறு பீப்பாய்களில் முதிர்ந்த ஏல்களைச் சுவைத்துக் கலவை அமைக்கச் செய்தது. பியர்க்காரர்கள் ஒயின்காரர்களின் பீப்பாயை மட்டுமன்றி நாவையும் கடன்பெற்றனர் எனலாம்.

குவளையில் சுவைத்தல்

இவ்வகை ஏல் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையில் பருகப்படுவதில்லை. மிகுந்த குளிரில் மணப்பொருள்கள் ஆவியாகா. துவர்ப்பும் புளிப்பும் மட்டுமே மேலோங்கும். 10 முதல் 14 பாகை செல்சியசு ஏற்றது. அடி அகன்று வாய் குறுகிய குவளையில் 100 மில்லிலிட்டர் அளவே ஊற்றப்படும். மேலே வெற்றிடம் இருந்தால்தான் மணம் தங்கும்.

முதலில் நிறம் பார்க்கப்படுகிறது. ஏலின் செம்பழுப்போடு சிவப்பு ஒயினின் ஊதாச்சாயல் கலந்திருக்கலாம். நுரை குறைவாக இருப்பது குறையன்று. எத்தனால் மிகுதியும் நீண்ட முதிர்ச்சியும் நுரையைக் குறைக்கும்.

அடுத்தது மணம். குவளையைச் சுழற்றாமல் ஒருமுறையும் சுழற்றி ஒருமுறையும் முகர்வர். விரைவில் ஆவியாகும் எத்தில் அசிட்டேட் முதல் முகர்தலிலேயே தெரிந்துவிடும். பின்னர் வனிலா, தேங்காய், கிராம்பு தோன்றினால் மரம் இன்னும் வலுவாக உள்ளது என்று பொருள். உலர்திராட்சை, அத்தி, பேரீச்சை ஆகியவற்றின் மணம் கருவறுத்த தானியத்திலிருந்தும் ஏல் நொதியத்திலிருந்தும் வருவது. இதை ஒயினின் கொடை எனத் தவறாகக் கருதுவோர் பலர். தோலும் குதிரைலாயமும் பிரெட்டனோமைசிஸ். ஷெர்ரியை ஒத்த மணம் ஆக்சிசனேற்றத்தின் அடையாளம். நீண்ட நாள் முதிர்ந்த ஷெர்ரியிலும் போர்ட்டிலும் உள்ள சோடலோன் என்னும் பொருள் முதிர்ந்த பியர்களிலும் கண்டறியப்பட்டுள்ளது. வெந்தயத்தின் தனிமணத்துக்குக் காரணமும் இப்பொருளே. எனவே வெந்தயம் மணக்கும் சமையலறையில் வளர்ந்த மூக்கு இதனை எளிதில் இனங்காணும். நனைந்த அட்டையின் மணம் வந்தால் அதுவும் ஆக்சிசனேற்றமே. ஆனால் யாரும் விரும்பாத வகை.

பின்னர் ஒரு சிறு மிடறு வாயில் சில நொடிகள் நிறுத்தப்படுகிறது. முதலில் தானிய இனிப்பு, உடனே புளிப்பு, பின்னர் எத்தனாலின் வெம்மை, இறுதியில் துவர்ப்பு என்னும் வரிசை பொதுவானது. ஐரோப்பியச் சுவை நூல்கள் துவர்ப்பைச் சுவையாக எண்ணாமல் வாயுணர்வாகவே கொள்கின்றன. தனின்கள் உமிழ்நீர்ப் புரதங்களோடு பிணைவதால் நாவு காய்வதுபோல் தோன்றுவதே அது என்பதால், உடலியல் நோக்கில் அது சரியே. ஆனால் துவர்ப்பையும் அறுசுவையுள் ஒன்றாக எண்ணும் தமிழில் இதை விளக்குவது எளிது: வாழைப்பூவின் துவர்ப்பு இதமானது, கடுக்காயின் துவர்ப்பு மிகையானது. பீப்பாயில் தேவைக்கு மேல் இருந்த ஏல் கடுக்காயை நெருங்கும்.

கைப்பு நாவின் பின்புறத்தில் மட்டுமே உணரப்படும், ஆதலால் பியரை விழுங்கித்தான் சுவைக்க வேண்டும் என்று சொல்வதுண்டு. நாவை இடம் பிரித்துக் காட்டும் அந்தப் பழைய வரைபடம் தவறு. சுவை ஏற்பிகள் நாவெங்கும் உள்ளன. எனினும் விழுங்கிய பின் மூக்கின் வழி மூச்சை விடும்போது தொண்டையிலிருந்து எழும் மணம் பல நுட்பங்களைக் காட்டுவதால், பியர் மதிப்பீட்டாளர்கள் சிறிதளவு விழுங்குகின்றனர்.

குவளை வெப்பமடைய வெப்பமடையச் சுவை மாறும். 10 பாகையில் மறைந்திருந்த வீச்சம் 18 பாகையில் வெளிப்படலாம். ஆகையால் தேர்ந்தோர் ஒரே குவளையை அரைமணி நேரம் வைத்திருந்து இருமுறை மதிப்பிடுகின்றனர்.

குறிப்பிடத்தக்க ஏல்கள்

மேற்கு பிளாண்டர்சின் டிக்ஸ்முய்டே நகருக்கு அருகிலுள்ள ஏசன் என்னும் சிற்றூரில், ஹெர்டலேர் உடன்பிறந்தார் 1980 ஆம் ஆண்டில் பழைய ஆலை ஒன்றை வாங்கித் தொடங்கியது டி டோலே புரவர்ஸ். பித்துப்பிடித்த பியர்க்காரர்கள் என்பது இப்பெயரின் பொருள். இவ்வாலையின் முதன்மைப் பியர் 9% செறிவுள்ள ஊர்பியர். டச்சு மொழியில் 'ஊர்' என்னும் முன்னொட்டு ஆதி எனப் பொருள்படும்; தமிழ் ஊருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதற்கான நொதியம் நெடுங்காலம் ரோடன்பாக் ஆலையிலிருந்து பெறப்பட்டது. அதில் லாக்டிக் பாக்டீரியாக்களும் கலந்திருந்தன. 1998 ஆம் ஆண்டில் ரோடன்பாக் பாம் நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்னர் அவ்வழக்கம் நின்றது. ஊர்பியரை போர்தோ ஒயின் பீப்பாய்களில் முதிரவைத்து உருவாக்கப்படுவது ஊர்பியர் ஸ்பெசல் ரிசர்வா. இதன் செறிவு 13% அளவில் உள்ளது. இனிப்பு, புளிப்பு, வெம்மை மூன்றும் ஒன்றையொன்று அடக்காமல் நிற்பதால், கடும் ஏலும் ஒயின் பீப்பாயும் சேர்வதற்கு இது ஒரு சிறந்த எடுத்துக்காட்டு.

ரஷியன் ரிவர் ஆலை 1997 ஆம் ஆண்டில் கோர்பெல் என்னும் ஒயின் நிறுவனத்தால் தொடங்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டில் வின்னி, நத்தாலி சிலர்சோ இணையரின் உடைமையானது. இது சார்டொனே, பினோ நுவார், கபர்னே சோவிஞான் ஆகிய மூன்று ஒயின்களின் பீப்பாய்களில் மூன்று தனித்தனி ஏல்களை முதிரவைக்கிறது. டெம்ப்டேஷன் பொன்னிறமானது, சப்ளிகேஷன் பழுப்பு நிறமுடையது, புளிப்புச் செர்ரிப் பழங்கள் சேர்க்கப்படுவது. மூன்றாவதான கான்சிக்ரேஷன் கரிய ஏல், 10% செறிவுடையது, கபர்னே பீப்பாய்களில் கரண்ட் பழங்களோடு முதிர்வது. ஒயினுக்கேற்ற ஏலைப் பொருத்தும் முறைக்கு இம்மூன்றும் பாடம் போன்றவை.

இவற்றுக்கு மாறாக, மான்செஸ்டரில் 1828 ஆம் ஆண்டு முதல் இயங்கும் ஜே. டபிள்யூ. லீஸ் ஆலையின் ஹார்வெஸ்ட் ஏல் புளிப்பு நுண்ணுயிர்களை நாடாதது. 1986 ஆம் ஆண்டு தொடங்கி, அவ்வாண்டு அறுவடையான வாற்கோதுமையையும் ஹாப்சையும் கொண்டு காய்ச்சப்பட்ட இதன் செறிவு 11.5%. போர்ட், ஷெர்ரி, கல்வடோஸ், விஸ்கி ஆகியவற்றின் பீப்பாய்களில் முதிர்ந்த தனித்தனி வடிவங்களும் வெளிவந்தன. அடிப்படை ஏல் ஒன்றே என்பதால், அவற்றை அருகருகே வைத்துச் சுவைத்தால் பீப்பாய் என்ன செய்கிறது என்பதைத் தனியே பிரித்தறியலாம்.

புட்டியில் வைத்தலும் அளவும்

புட்டியில் அடைத்த பின்னும் நொதியங்கள் உயிரோடு இருப்பின் மாற்றம் தொடரும். புட்டிகள் 10 முதல் 13 பாகையில், ஒளிபடாத இடத்தில், நிமிர்த்தி வைக்கப்படுகின்றன. மரமணம் சில ஆண்டுகளில் மங்கும்; ஷெர்ரி மணம் வளரும். எல்லாப் புட்டியும் வைக்க வைக்கச் சிறப்பது என்பது தவறான நம்பிக்கை. பீப்பாயிலேயே ஆக்சிசன் மிகுதியாகப் பெற்ற ஏல் புட்டியில் விரைவில் தளர்ந்துவிடும்.

புளிப்பும் இனிப்பும் எத்தனாலின் காரத்தை மறைப்பதால், குடிப்பவர் அளவை உணராமல் போவது எளிது. 11.5% செறிவுள்ள 330 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் எத்தனால் உள்ளது. அதே அளவு சாதாரணப் பியரில் இருப்பது 13 கிராம். உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 ஆம் ஆண்டிலேயே மதுபானங்களை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட முதற்பிரிவில் சேர்த்தது. சுவைத் தேர்வுகளில் ஒருவருக்கு 50 மில்லிலிட்டர் வீதம் ஊற்றுவதும், ஒரே அமர்வில் சில ஏல்களோடு நிறுத்திக்கொள்வதும் வழக்கம். ஐந்தாறு குவளைகளுக்குப் பின் துவர்ப்பும் அமிலமும் நாவை மரக்கச் செய்வதால், அதற்கு மேல் எழுதப்படும் மதிப்பீடு எப்படியும் நம்பத்தக்கதாக இருப்பதில்லை.